பர்கூர் 1996: முதல்வர் ஜெயலலிதா தோற்ற தேர்தல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு சனிக்கிழமைகளில் உட்கார்ந்து தமிழக அரசியல் வரலாறு பேசுவது என் வழக்கம். எங்கே தொடங்கினாலும் பேச்சு 1996-க்கு வந்துவிடும். பர்கூர் பக்கத்து ஊர் என்பதால் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். வீட்டில் தாத்தா சொன்னது, வாட்ஸ்அப்பில் வந்தது, பழைய வீடியோவில் பார்த்தது என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். அந்தத் தேர்தலின்போது எனக்கு 19 வயது. பர்கூர் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஜெயலலிதா தோத்திருக்காங்களா? எங்க, எப்போ?

ஆமாம். 1996 சட்டமன்றத் தேர்தலில், முதலமைச்சராகப் பதவியில் இருந்தபோதே, பர்கூர் தொகுதியில் தோற்றார். அப்போது பர்கூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான்.

அவர் தொகுதி மட்டும் போகவில்லை, ஆட்சியே போனது. 234 இடங்களில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4. கூட்டணியில் இருந்த காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. தி.மு.க. 173, தமிழ் மாநில காங்கிரஸ் 39, இந்திய கம்யூனிஸ்ட் 8, பார்வர்டு பிளாக் 1 என்று தி.மு.க. அணி 221 இடங்களைப் பிடித்தது. கூடவே நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் அதே அணிக்குப் போயின. 1996 மே 13 அன்று மு. கருணாநிதி முதல்வராகப் பொறுப்பேற்றார்.

ஜெயிச்சவர் யாரு? எவ்வளவு ஓட்டு வித்தியாசம்?

தி.மு.க.வின் இ.ஜி. சுகவனம். அவருக்கு 59,148 வாக்குகள், ஜெயலலிதாவுக்கு 50,782. வித்தியாசம் 8,366. சுகவனம் பின்னாளில் கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில் 2004, 2009 என இரண்டு முறை வென்றார்.

அப்போது மின்னணு இயந்திரம் கிடையாது. வாக்குச்சீட்டில் முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட வேண்டும். எண்ணும்போது சீட்டுகளைக் கலந்து, பிரித்து, கட்டுக் கட்டாகக் கட்டி எண்ணுவார்கள். ஒரு சுற்று முடியவே நெடுநேரம் ஆகும். எங்கள் கடையில் முதலாளி புடவைக் கட்டு சுற்றிவந்த காக்கிக் காகிதத்தைக் கல்லாப்பெட்டி மேல் விரித்து, யாராவது சைக்கிளில் வந்து சொல்லும் நிலவரத்தை இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே வந்தார். தீவிர இரட்டை இலைக்காரர். ஒரு கட்டத்துக்கு மேல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துக் கல்லாவுக்குள் போட்டார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தோல்வி என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அதே பர்கூர்லதானே 1991-ல ஜெயிச்சாங்க? அஞ்சு வருஷத்துல எப்படி மாறுச்சு?

1991 தேர்தல் சாதாரண சூழலில் நடந்ததல்ல. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூன் நடுவில் வாக்குப்பதிவு. அனுதாப அலையில் அ.தி.மு.க. – காங்கிரஸ் அணி 225 இடங்களை அள்ளியது. அ.தி.மு.க.வுக்கு மட்டும் 164. தி.மு.க.வுக்கு வெறும் 2. துறைமுகம் தொகுதியில் கருணாநிதியே 890 வாக்குகளில்தான் தப்பினார்.

ஜெயலலிதா அந்த முறை பர்கூர், காங்கேயம் என்று இரண்டு இடங்களில் நின்று இரண்டிலும் வென்று, பர்கூரை வைத்துக்கொண்டார். இங்கே அவரை எதிர்த்து நின்றவர் நடிகரும் இயக்குநருமான டி. ராஜேந்தர். வித்தியாசம் 37,000-க்கும் மேல். அந்த 37,000-ஐ அழித்து, அதற்கு மேல் எட்டாயிரத்தையும் எதிரே கொண்டுபோய் வைத்திருக்கிறது இந்தத் தொகுதி. அனுதாபத்தில் வந்த வாக்கு கொஞ்சம் இறங்குவது இயல்புதான். இவ்வளவு தூரம் இறங்கியதற்குக் காரணம் அந்த ஐந்து ஆண்டுகளில்தான் இருக்கிறது.

அந்த அஞ்சு வருஷத்துல அப்படி என்னதான் நடந்துச்சு?

பதவியேற்றதும் மாதம் ஒரு ரூபாய் மட்டும் சம்பளம் வாங்கப்போவதாக அறிவித்தார். ஊர் மெச்சியது. பின்னால் வந்த எல்லாவற்றையும் மக்கள் அந்த ஒரு ரூபாயோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள் என்பதை இன்றைய பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும்.

1992 பிப்ரவரி 18, கும்பகோணம் மகாமகம். முதல்வரும் தோழி சசிகலாவும் குளத்தில் நீராட வந்த நாளில், நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் இறந்துபோனார்கள். அதே ஆண்டில் அரசு நிறுவனமான டான்சிக்குச் சொந்தமான கிண்டி நிலத்தை, முதல்வரும் சசிகலாவும் பங்குதாரர்களாக இருந்த ஜெயா பப்ளிகேஷன்ஸ் வாங்கியது. குறைந்த விலைக்குப் போனது என்பது குற்றச்சாட்டு. ஐ.ஏ.எஸ். அதிகாரி சந்திரலேகா முகத்தில் ஆசிட் வீசப்பட்டதும் 1992-இல்தான். அதைச் செய்யச் சொன்னது யார் என்று நீதிமன்றத்தில் நிரூபணமாகவில்லை. ஆனால் ஊரில் பயம் பரவியது. அமைச்சர்கள் நடுரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்த படங்களும், ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய கட்-அவுட்டுகளும், கார் வரிசைக்காக மணிக்கணக்கில் நிறுத்தப்பட்ட போக்குவரத்தும் அன்றாடக் காட்சிகளாயின.

தேர்தல் நேரத்துல அவங்க மேல கேஸ் இருந்துச்சா? தண்டனை ஆகியிருந்துச்சா?

தண்டனை எதுவும் ஆகவில்லை. ரொம்பப் பேர் தவறாக நினைத்திருக்கும் இடம் இது. 1996-இல் மக்கள் வாக்களித்தபோது எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லியிருக்கவில்லை. சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த மனுவின் பேரில், ஆளுநர் சென்னா ரெட்டி 1995 மார்ச்சில் அவர் மீது வழக்குத் தொடர அனுமதி அளித்திருந்தார். அதை எதிர்த்து முதல்வர் தரப்பு நீதிமன்றம் போனது. நிலவரம் அவ்வளவுதான்.

டான்சி வழக்கு, கலர் டிவி வழக்கு, பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு, வருமானத்துக்கு அதிகமான சொத்து வழக்கு என்று இன்று நாம் பெயர் சொல்லி அடுக்கும் வழக்குகளில் விசாரணையும் தீர்ப்பும் வந்ததெல்லாம் தோல்விக்குப் பிறகு.

அந்தக் கல்யாணம்தான் ஆட்சியைக் கவுத்துச்சுன்னு எங்க தாத்தா சொல்றாரு. உண்மையா?

தாத்தா சொல்வதில் பெரும்பகுதி உண்மை. 1995 செப்டம்பர் 7 அன்று, ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் வி.என். சுதாகரனுக்கும் நடிகர் திலகம் சிவாஜி கணேசனின் பேத்திக்கும் சென்னையில் திருமணம். ஒன்றரை லட்சம் பேருக்குமேல் விருந்து என்று கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிய கல்யாணம். சென்னைத் தெருக்களில் தோரணவாயில்களும் சீரியல் விளக்குகளும். முதல்வரும் சசிகலாவும் கழுத்து நிறைய நகையும் இடுப்பில் ஒட்டியாணமுமாக ஊர்வலத்தில் நின்ற படம் பத்திரிகைகளில் வந்தது.

அந்தப் படத்தை எங்கள் கடையில் புடவை எடுக்க வந்த பெண்கள் பார்த்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பத்திரிகையைக் கையில் வாங்கி, திட்டவும் இல்லை, பேசவும் இல்லை. ஒட்டியாணத்தின் மேல் விரலை வைத்து, எத்தனை பவுன் இருக்கும் என்று தங்களுக்குள் கணக்குப் போட்டார்கள். ஒரு ரூபாய்ச் சம்பளம் எல்லார் நினைவிலும் இருந்தது. டான்சி நிலத்தின் வழிகாட்டி மதிப்பு என்ன, அரசு ஊழியர் நடத்தை விதி என்ன என்பதெல்லாம் கிராமத்தில் யாருக்கும் தெரியாது. கல்யாணச் செலவுக் கணக்கு எல்லா வீட்டுக்கும் தெரியும். பெண்ணைக் கட்டிக்கொடுக்க நிலத்தை அடகு வைத்தவர்கள் நிறைந்த மாவட்டம் இது.

ஆனால் கல்யாணம் மட்டும்தான் காரணம் என்றால் ஒத்துக்கொள்ளமாட்டேன். மகாமகத்தில் தொடங்கி மூன்றரை ஆண்டு சேர்ந்திருந்த கசப்பு கண்ணெதிரே உருவம் எடுத்த நாள் அது.

அந்தக் கல்யாணத்துக்கு உண்மையில எவ்வளவு செலவு?

இதற்கு நீதிமன்றங்களே வெவ்வேறு பதில் சொல்லியிருக்கின்றன. சொத்து வழக்கில் அரசுத் தரப்பு சொன்னது சுமார் 6 கோடியே 45 லட்சம் ரூபாய். 2014-இல் விசாரணை நீதிமன்றம் அதை 3 கோடியாக எடுத்துக்கொண்டது. 2015-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் 28 லட்சம் சொச்சம் என்று குறைத்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. இணையத்தில் நூறு கோடி என்று உலவுவதையெல்லாம் தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

ரஜினி சொன்ன ஒரு வார்த்தையாலதான் தோத்தாங்களாமே?

ஜெயலலிதா மறுபடியும் ஆட்சிக்கு வந்தால் ஆண்டவனாலும் தமிழ்நாட்டைக் காப்பாற்ற முடியாது என்று ரஜினிகாந்த் சொன்னது உண்மை. தி.மு.க. – த.மா.கா. அணிக்கு அவர் வெளிப்படையாக ஆதரவு தந்ததும் உண்மை. அதற்கு முந்தைய ஆண்டு, இயக்குநர் மணிரத்னத்தின் வீட்டில் குண்டு வெடித்தபின், ஒரு பட விழா மேடையில் வெடிகுண்டுக் கலாசாரம் பற்றி ரஜினி பேசினார். அதே மேடையில் அமைச்சர் ஆர்.எம். வீரப்பன் இருந்தார். பின்னர் அவர் அமைச்சரவையிலிருந்து விலக்கப்பட்டார். எம்.ஜி.ஆருக்கு நெருக்கமாக இருந்தவருக்கே இந்த நிலையா என்று கட்சிக்காரர்களே முணுமுணுத்தார்கள்.

ரஜினி பேசியதால் அலை உண்டானது என்று நான் நினைக்கவில்லை. வீட்டிலும் டீக்கடையிலும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததை ஒருவர் மைக்கில் சொன்னார், ஜனங்களுக்குத் தைரியம் வந்தது. அதுவும் பெரிய விஷயம்தான்.

த.மா.கா.ன்னா என்ன? காங்கிரஸ் ஏன் உடைஞ்சது?

1996-இல் பிரதமர் நரசிம்ம ராவ் மறுபடியும் அ.தி.மு.க.வோடுதான் கூட்டணி என்று முடிவெடுத்தார். தமிழகக் காங்கிரசில் பெரும்பான்மையினர் அதை ஏற்கவில்லை. ஜி.கே. மூப்பனார் தலைமையில் வெளியேறித் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார்கள். ப. சிதம்பரமும் அதில் போனார். சின்னம் சைக்கிள். சில வாரங்களே வயதான கட்சி 39 சட்டமன்ற இடங்களையும் 20 மக்களவை இடங்களையும் வென்றது.

ஊழல் புகாரில் சிக்கிய ஆட்சி தோற்பதற்கு மக்களின் கோபம் மட்டும் போதாது, அந்தக் கோபம் ஒரே பெட்டியில் விழ வேண்டும். மூப்பனார் பிரியாமல் இருந்திருந்தால் காங்கிரஸ் வாக்கு இரட்டை இலைப் பக்கமே நின்றிருக்கும். வைகோவின் ம.தி.மு.க.வும் பா.ம.க.வும் தனித்தனி அணியாக நின்று வாக்கைப் பிரித்தும்கூட ஆட்சி தப்பவில்லை.

செருப்பையும் புடவையையும் டிவியில பாத்துட்டுதானே ஜனங்க மாத்தி ஓட்டுப் போட்டாங்க?

இல்லை, இல்லவே இல்லை. இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது. தேர்தல் முடிந்தது 1996 மே மாதம். கலர் டிவி வழக்கில் ஜெயலலிதா கைதானது அதே ஆண்டு டிசம்பர் 7. போயஸ் தோட்ட வீட்டில் சோதனை நடந்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புடவைகள், 750 ஜோடி காலணிகள், கிலோக் கணக்கில் தங்கம் வெள்ளி என்று தொலைக்காட்சியில் ஓடியது அந்த டிசம்பரில். வாக்களித்து ஏழு மாதம் கழித்து.

அந்தக் காட்சிகள் மனதில் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டதால், அவற்றைப் பார்த்துத்தான் வாக்களித்தோம் என்று அன்று வாக்களித்தவர்களே இன்று நம்புகிறார்கள். என் அண்ணன்கூட அப்படித்தான் சத்தியம் செய்வார். வரிசையை நினைவில் வையுங்கள்: 1995 செப்டம்பரில் கல்யாணம், 1996 மே மாதம் தோல்வி, டிசம்பரில் கைது.

அப்போ பர்கூருக்கு அவங்க ஒண்ணுமே செய்யலையா?

செய்தார். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி 1994-இல் வந்தது. எங்கள் பகுதியின் எத்தனையோ வீடுகளில் முதல் பொறியாளர் அங்கிருந்துதான் வந்திருக்கிறார். மாநில அளவிலும் 1992-இல் அனைத்து மகளிர் காவல் நிலையம், பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம், 69 சதவீத இட ஒதுக்கீட்டைக் காக்க 1993-இல் கொண்டுவந்த சட்டம் என்று நிலைத்து நிற்கும் காரியங்கள் அந்த ஆட்சியில் நடந்தன. இதை மறைத்துவிட்டு அந்தத் தேர்தலைப் பேசுவது நியாயமாகாது. கல்லூரி வந்தது என்று நன்றியோடு சொல்லிக்கொண்டே, எதிர்த்து வாக்களித்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ரெண்டு தொகுதியில நின்னிருந்தா தப்பிச்சிருப்பாங்கல்ல?

இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. 234-இல் 4 மட்டுமே கிடைத்த தேர்தலில் பத்திரமான தொகுதி எது என்று முன்கூட்டியே சொல்வது கடினம். சட்டத்தில் அன்று தடையும் இல்லை. ஒருவர் அதிகபட்சம் இரண்டு தொகுதியில்தான் நிற்கலாம் என்ற வரம்பு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 33(7) பிரிவாக வந்ததே 1996 ஆகஸ்ட்டில், அதாவது இந்தத் தேர்தலுக்குப் பிறகு. முந்தைய முறை இரண்டில் நின்றவர் இந்த முறை பர்கூரை மட்டும் நம்பி நின்றார்.

அந்தத் தேர்தலில் வேட்பாளர் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடே இருக்கவில்லை என்பதற்கு மொடக்குறிச்சி சாட்சி. அங்கே 1,033 பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சடிக்க வேண்டியதாயிற்று.

பதவியில இருக்கற முதல்வர் தோத்தது இதுதான் முதல் தடவையா?

இல்லை. 1952-இல் சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜா தோற்றார். 1967-இல் முதல்வர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காமராஜரும் 1967-இல் விருதுநகரில் தோற்றார், ஆனால் அப்போது அவர் முதல்வர் இல்லை. தேர்வில் இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

பக்தவத்சலம் தோற்றது அரிசித் தட்டுப்பாட்டாலும் 1965 மொழிப் போராட்டத்தை ஒடுக்கியதாலும். சொந்தச் சொத்து பற்றிய கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டு பதவியில் இருந்தபடியே தொகுதியை இழந்தவர் என்பதால்தான் ஜெயலலிதாவின் தோல்வி தனியாகப் பேசப்படுகிறது.

4 சீட்டுன்னா கட்சியே காலின்னு அர்த்தமா?

இல்லை. அந்தத் தேர்தலிலும் அ.தி.மு.க.வுக்கு 21.47 சதவீத வாக்கு விழுந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்த அலையிலும் இரட்டை இலையில்தான் குத்தினார்கள். 1991-இல் 44 சதவீதமாக இருந்தது இதில் பாதியாகக் குறைந்திருந்தது. நம் தேர்தல் முறையில் தொகுதிதோறும் முதலில் வருபவருக்கே இடம், அதனால் இருபது சதவீதம் பரவலாக இருந்தால் இடமாக மாறாது. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் பதவிகூட அ.தி.மு.க.வுக்குக் கிடைக்காமல், த.மா.கா.வின் சோ. பாலகிருஷ்ணனுக்குப் போனது.

அந்த 21 சதவீதத்தை யாரும் கவனிக்கவில்லை. இரண்டே ஆண்டில், 1998 மக்களவைத் தேர்தலில், அ.தி.மு.க. அணி 39-இல் 30 இடங்களை வென்றது. 1999 ஏப்ரலில் அவர் ஆதரவை விலக்கியதால் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது.

கேஸ் போட்டதெல்லாம் தி.மு.க.வோட பழிவாங்கல்தானே?

ஆட்சி மாறியதால்தான் வழக்குகள் வேகம் பிடித்தன என்பதை யாரும் மறுக்க முடியாது. தான் முதல்வராக இருக்கும்போது தன் மீதே விசாரணை நடத்த எந்த முதல்வரும் விடமாட்டார். ஆனால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்கள். சொத்து வழக்குக்கு விதையான புகாரை 1996 ஜூனில் கொடுத்தவர் சுப்பிரமணியன் சுவாமி, தி.மு.க.காரர் அல்ல. தண்டித்ததும் சென்னையில் இல்லை. தி.மு.க.வின் க. அன்பழகன் கேட்டதன் பேரில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது, அங்கே கர்நாடக நீதிபதிதான் தீர்ப்புச் சொன்னார்.

பழிவாங்கும் எண்ணத்தோடு போடப்பட்ட வழக்கிலும் ஆதாரம் உண்மையாக இருக்கலாம். போட்டவர் மனதில் என்ன இருந்தது என்பது வேறு, கணக்கில் என்ன இருந்தது என்பது வேறு. பிள்ளைகளிடம் நான் இதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, அந்தக் கேஸெல்லாம் கடைசியில என்னாச்சு?

கிராம ஊராட்சிகளுக்குக் கலர் டிவி வாங்கிய வழக்கில் 2000 மே 30 அன்று விடுதலை. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்கு விதியை மீறி மாடி கட்ட அனுமதித்த வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று ஓராண்டு தண்டனை, மறு ஆண்டு உயர் நீதிமன்றத்தில் விடுதலை. டான்சி வழக்கில் 2000 அக்டோபரில் மூன்றாண்டு தண்டனை, 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை, 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் மனசாட்சிக்குப் பதில் சொல்லி நிலத்தைத் திருப்பிக் கொடுத்துப் பரிகாரம் தேட வேண்டும் என்ற பொருளில் நீதிபதிகள் எழுதினார்கள்.

சொத்து வழக்குதான் நீண்டது. 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரை, 66.65 கோடி ரூபாய் என்பது குற்றச்சாட்டு. 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நான்காண்டு சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் சசிகலா உள்ளிட்ட மூவருக்கான தண்டனையை மீண்டும் நிலைநிறுத்தியது.

பிளசன்ட் ஸ்டே தீர்ப்பு வந்த நாளில் தருமபுரி அருகே கட்சிக்காரர்கள் ஒரு பேருந்துக்குத் தீ வைத்தார்கள். சுற்றுலா வந்த கோவை வேளாண் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் உள்ளேயே கருகினார்கள். எங்கள் மாவட்டத்தில் நடந்தது. இந்த வழக்குகளின் கணக்கில் அந்த மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டு என்னால் பேச முடியாது.

தண்டனை வாங்கினவங்க 2001-ல எப்படி மறுபடி முதல்வர் ஆனாங்க?

நல்ல கேள்வி. இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8(3). டான்சியில் மூன்றாண்டு இருந்ததால் ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நான்கு இடத்தில் கொடுத்த மனுவும் தள்ளுபடி. முன்பு சொன்ன 33(7) வரம்பும் குறுக்கே வந்தது. ஆனால் அவர் கட்சி அணி வென்றது. எம்.எல்.ஏ. ஆகாமலே ஆறு மாதம் பதவியில் இருக்கலாம் என்ற அரசியல் சட்டப் பிரிவைக் காட்டி, ஆளுநர் பாத்திமா பீவி 2001 மே 14 அன்று பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்.

நிற்கவே தகுதி இல்லாதவருக்கு அந்த ஆறு மாதச் சலுகை பொருந்தாது என்று 2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஓ. பன்னீர்செல்வம் முதல்முறை முதல்வரானார். டான்சியில் விடுதலை வந்ததும், ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் வென்று 2002 மார்ச்சில் ஜெயலலிதா திரும்பினார். பர்கூரிலும் 2001-இல் அ.தி.மு.க.வின் தம்பிதுரைதான் வென்றார்.

விடுதலை ஆன கேஸும் இருக்கு, செத்தப்புறம் வந்த தீர்ப்பும் இருக்கு. சட்டப்படி அவங்க குற்றவாளியா இல்லையா?

ஒரே வார்த்தையில் முடிக்க ஆசைப்படுவீர்கள், முடியாது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று காலமானார். அதனால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனதாக உச்ச நீதிமன்றம் சொன்னது. அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை. 100 கோடி அபராதத்தையாவது வசூலிக்க வேண்டும் என்று கர்நாடக அரசு கேட்ட மறுஆய்வும் தள்ளுபடியானது. ஆனால் சசிகலா உள்ளிட்ட மூவரைத் தண்டித்த அதே தீர்ப்பில், விசாரணை நீதிமன்றம் கண்டறிந்த உண்மைகள் முழுவதையும், அவருடைய பங்கு உட்பட, உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தேர்வில் கேட்டால் இந்த இரண்டு பாதியையும் எழுதுங்கள்.

அப்படின்னா 1996-ல ஜனங்க ஆதாரமே இல்லாம தீர்ப்பு சொல்லிட்டாங்களா?

வாக்குச்சாவடியை நீதிமன்றமாக நினைப்பதால் வரும் கேள்வி இது. நீதிமன்றம் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் கேட்கும், கேட்கவும் வேண்டும், ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கும் இடம் அது. வாக்காளர் யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. ஐந்தாண்டுக்குக் கொடுத்த சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். அதற்குத் தன் கண்ணால் பார்த்தது போதும். 1996-இல் பர்கூர்க்காரர்கள் செய்தது அதைத்தான், அது அவர்கள் உரிமை. பிறகு 2001-இல் இரட்டை இலைக்குப் போட்டதும் அதே உரிமைதான். முதல் முறை புத்திசாலிகள், இரண்டாம் முறை ஏமாளிகள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இப்போ ஒரு வேட்பாளர் மேல என்ன கேஸ் இருக்குன்னு நாம எப்படித் தெரிஞ்சுக்கறது?

1996 வாக்காளருக்கு இல்லாத வசதி இது. 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, ஒவ்வொரு வேட்பாளரும் தன் மீதான வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் படிவம் 26-இல் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வழக்கு இருந்தால் வேட்பாளரே பத்திரிகையில் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும் என்ற விதியும் 2018 முதல் இருக்கிறது. அதற்கு முன்பே, 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் லில்லி தாமஸ் வழக்குத் தீர்ப்பு, பதவியில் இருப்பவர் மேல்முறையீடு செய்துவிட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் வழியை அடைத்தது. 2014-இல் தண்டனை வந்த அன்றே ஜெயலலிதா பதவியிழந்தது அதனால்தான்.

பிரமாணப் பத்திரத்தைப் படிக்கும்போது சொத்துப் பத்தியைப் போன தேர்தல் பத்திரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் சனிக்கிழமை வகுப்பில் அதை ஒரு பயிற்சியாகவே செய்கிறோம்.

அந்த நகையெல்லாம் இப்போ எங்க இருக்கு?

1996 டிசம்பரில் கைப்பற்றியவை வழக்கோடு சேர்ந்து பெங்களூருக்குப் போய், அங்கே நீதிமன்றப் பொறுப்பில் ஆண்டுக்கணக்கில் இருந்தன. ஜெயலலிதாவின் அண்ணன் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டும் என்று கேட்டதைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஏற்கவில்லை. அடுத்த மாதம், சுமார் 27 கிலோ நகைகளும் நில ஆவணங்களும் தமிழக அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. பெட்டிகளைத் திறந்து எடை போட்டு, பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். அந்தப் பட்டியலில் ஒட்டியாணமும் உண்டு.